ஜூலை மாதத்து வெற்றுக் கட்டங்கள்

பன்னாட்டு உறவுகள் படிக்க வரும் முதுகலை மாணவர்களிடம், பாடம் தொடங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். நாடுகள் ஏன் போருக்குப் போகின்றன? பதில்கள் மளமளவென்று வரும். மண்ணாசை, எண்ணெய், மதம், ஆயுத வியாபாரம், தலைவர்களின் ஆணவம், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பகை. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பேன். இதே மண்ணாசையும் இதே பகையும் போன வருடமும் இருந்தனவே, போன வருடம் ஏன் போர் வரவில்லை? வகுப்பு யோசிக்கத் தொடங்கிவிடும். பகை வருடக்கணக்கில் கிடக்கிறது. போரோ ஒரு குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட மணிக்குத் தொடங்குகிறது. அந்தப் பகைக்கும் அந்தக் கிழமைக்கும் நடுவே என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில் என்று நான் நம்புகிறேன்.

அதற்கு நான் கையாளும் கருவி ஓர் அட்டவணை. வகுப்பறைச் சுவரின் நீளத்துக்கு வெள்ளைத் தாளை ஒட்டுகிறோம். மேலிருந்து கீழாகத் தேதிகள். இடமிருந்து வலமாகத் தலைநகரங்கள்: வியன்னா, பெர்லின், பெல்கிரேட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன். 1914 ஜூன் 28-இல் தொடங்கும் தாள் ஆகஸ்ட் 4-இல் முடியும். அன்றைக்கு அந்தத் தலைநகருக்கு என்ன தெரியும், யார் வழியாகத் தெரிந்தது, தெரிந்துகொண்டு அது என்ன செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவுதான் எழுத வேண்டும். பின்னால் தெரியவந்த எதையும் முந்தைய கட்டத்தில் எழுதக் கூடாது. இந்த விதியைக் காப்பாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். போர் வந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவு எழுதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஜூலை 10-க்கு நேரான கட்டத்தில் ஒரு மாணவி "போருக்குத் தயாராகிறது" என்று எழுதுவாள். யார் தயாரானார்கள், எந்த உத்தரவு, கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டால், எழுதியதை அழித்துவிட்டு மறுபடி ஆவணத்தைத் தேடிப் போவாள். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இத்தனை போர்கள் இருக்க 1914-ஐ ஏன் எடுக்கிறேன்? எங்கள் பாடமே அந்தப் போரின் கல்லறைகளிலிருந்து எழுந்து வந்தது. 1919-இல் வேல்ஸின் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் இருந்த கல்லூரியில், பன்னாட்டு அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தரும் அவருடைய சகோதரிகள் இருவரும், போரில் மாண்ட அந்தக் கல்லூரி மாணவர்களின் நினைவாக அதற்குப் பணம் கொடுத்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் பிளாண்டர்ஸ் சேற்றில் புதைந்துபோனதால், ஏன் என்று கேட்பதற்கு ஒரு பாடம் உண்டானது. இதைச் சொல்லாமல் நான் எந்த ஆண்டும் வகுப்பைத் தொடங்கியதில்லை.

இன்னொரு காரணம் ஆவணங்கள். போர் மூண்ட சில மாதங்களுக்குள் ஒவ்வோர் அரசும் தன் பக்கமே நியாயம் என்று காட்டுவதற்காகத் தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டது. ஜெர்மனியின் வெள்ளைப் புத்தகம், பிரிட்டனின் நீலப் புத்தகம், ரஷ்யாவின் ஆரஞ்சுப் புத்தகம், பிரான்ஸின் மஞ்சள் புத்தகம். பிரெஞ்சுத் தொகுப்பில் ஒரு தந்தியை நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன். ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டுவிட்டது என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த பிரெஞ்சுத் தூதர் அனுப்பிய தந்தி மிகச் சுருக்கமானது. அச்சில் வந்தபோது அது நீண்டிருந்தது. ஆஸ்திரியா பொதுப் படைதிரட்டல் செய்ததால்தான் ரஷ்யாவும் செய்தது என்று சேர்த்திருந்தார்கள். உண்மையில் ரஷ்யாவின் உத்தரவு ஜூலை 30. ஆஸ்திரியாவின் உத்தரவு ஜூலை 31. புத்தகத்தை மட்டும் நம்பியவர்களுக்குக் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. தேதியை மாற்றினால் குற்றவாளியையே மாற்றிவிடலாம் என்பதை அன்றைய அமைச்சகங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று மாணவர்கள் சலித்துக்கொள்ளும்போது இந்தத் தந்தியைத்தான் நீட்டுவேன்.

பிறகு அலமாரிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1917-இல் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ஜார் காலத்து ரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டார்கள். 1919-இல் ஜெர்மனியில் கார்ல் காட்ஸ்கி தொகுத்த ஆவணங்கள் வந்தன. தூதரக அறிக்கைகளின் ஓரத்தில் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் கிறுக்கிவைத்த குறிப்புகளும் அவற்றில் இருந்தன. வெர்சாய் உடன்படிக்கை போரின் பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் சுமத்தியது. அந்தப் பழியைத் துடைக்க ஜெர்மனி 40 தொகுதி ஆவணங்களை அச்சிட, பிரிட்டன் 11 தொகுதிகளால் பதில் சொன்னது. ஒருவரையொருவர் குற்றம்சாட்டத் திறந்தவைதான். அவற்றால்தான் இன்றைக்கு ஒரு மாணவரால் அந்த ஐந்து வாரங்களை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

அப்படிப் பின்தொடர்ந்தவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் லூயிஜி அல்பெர்த்தினி. இத்தாலியின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான கொரியேரே டெல்லா செராவின் ஆசிரியராக இருந்தவர். முசோலினியின் ஆட்சி அவரை 1925-இல் அந்த நாற்காலியிலிருந்து இறக்கியது. பத்திரிகை போன பிறகு அவர் 1914-ஐக் கையிலெடுத்தார். அச்சான ஆவணங்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். உயிரோடிருந்த அமைச்சர்களையும் தூதர்களையும் தேடிப்பிடித்து, இந்தத் தந்தி உங்கள் கைக்கு எப்போது வந்தது, பிறகு யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கச் செய்தார். மூன்று பெரிய தொகுதிகள். அவை அச்சாகி வெளிவருமுன் 1941-இல் இறந்துவிட்டார். எங்கள் அட்டவணை அவருடைய வேலையின் சின்ன நிழல்தான். செய்தி எப்போது வந்தது என்று விடாமல் கேட்கும் பத்திரிகையாளரின் குணம் வரலாற்றுக்கு எவ்வளவு தேவை என்பதை அவருடைய அடிக்குறிப்புகளில் பார்க்கலாம்.

சரி, தாளுக்கு வருகிறேன்.

ஜூன் 28, ஞாயிறு. சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான். அந்த வரிசையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பும்: அதிர்ச்சி, அனுதாபம், இரங்கல் தந்தி. ஜூலை 5-இலும் 6-இலும் இரண்டு கட்டங்கள் மட்டும் கனக்கும். வியன்னாவிலிருந்து ஹோயோஸ் பிரபு பேரரசரின் கடிதத்தோடு பெர்லினுக்குப் போகிறார். நீங்கள் செர்பியாமீது என்ன முடிவெடுத்தாலும் உங்களோடு நிற்போம் என்று கெய்சரும் பிரதமர் பெத்மன் ஹோல்வெக்கும் உறுதி தருகிறார்கள். வரலாற்று நூல்களில் 'வெற்றுக் காசோலை' என்று பெயர்பெற்ற வாக்குறுதி இதுதான்.

அடுத்து வருவதுதான் தாளின் முக்கியமான பகுதி. ஜூலை 7-இலிருந்து 22 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் வரிசைகளில் அநேகமாக ஒன்றும் இருக்காது. பெல்கிரேடில் வதந்திகள் மட்டும். ஒவ்வொரு குழுவும் இங்கே வந்து தயங்கும். "சார், இந்தக் கட்டங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை" என்பார்கள். வெற்றாகவே விடச் சொல்வேன். அந்த வெறுமைக்கு ஒரு பொருள் உண்டு. லண்டன் அமைச்சரவையின் தலையில் அயர்லாந்து தன்னாட்சிப் பிரச்சினை. ஜூலை 21-இல் அரசரே பக்கிங்ஹாம் அரண்மனையில் அதற்கென ஒரு மாநாட்டைக் கூட்டினார். பாரிஸின் கண்ணெல்லாம் ஒரு கொலை வழக்கில். முன்னாள் பிரதமர் கையோவின் மனைவி, தன் கணவரைத் தாக்கி எழுதிவந்த பிகாரோ பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொன்ற வழக்கு ஜூலை 20-இல் விசாரணைக்கு வந்தது. கெய்சர் நார்வேக் கடலில் உல்லாசப் பயணம். ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே கார்ல்ஸ்பாட் ஊற்று நீரில் சிகிச்சை. ஐரோப்பா விடுமுறையில் இருந்தது. பெர்லினில் முடிவெடுத்தவர்களின் விடுமுறையோ, ஒன்றும் நடக்கவில்லை என்று பிறரை நம்பவைக்கும் திரையாகவும் பயன்பட்டது.

திரைக்குப் பின்னால் வியன்னாவின் கட்டங்கள் மட்டும் நெருக்கமாக நிரம்பிக்கொண்டே போகும். ஜூலை 7 அமைச்சரவைக் கூட்டத்தில், செர்பியா ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதிக்க வேண்டும் என்ற கருத்து ஓங்குகிறது. ஹங்கேரியின் பிரதமர் டிசா ஒருவர் மட்டும் எதிர்த்து நிற்கிறார். ஒரு வாரத்தில் அவரும் இணங்கிவிடுகிறார். ஜூலை 13-இல், விசாரணைக்காக அனுப்பிய அதிகாரி வீஸ்னர், செர்பிய அரசுக்குக் கொலையில் நேரடிப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று தந்தி அடிக்கிறார். அந்தத் தந்தி முடிவை மாற்றவில்லை.

அப்புறம் ஏன் தாமதம்? இந்த இடத்தில் என் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கோட்பாட்டை நீட்டுவார்கள். விடை வயலில் இருக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடையில் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போவார்கள். பல படைப்பிரிவுகள் ஜூலை 25 வாக்கில்தான் திரும்ப வேண்டும். அவர்களை நடுவிலே கூப்பிட்டால் அறுவடை கெடும், ரயில் போக்குவரத்து குழம்பும், எல்லாவற்றுக்கும் மேலாக உலகமே உஷாராகிவிடும். உடனே அடிக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவந்த தளபதி கான்ராட்கூட இதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னொரு காரணம், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பொன்காரேயும் பிரதமர் விவியானியும் ஜூலை 20 முதல் 23 வரை ரஷ்யாவில் விருந்தினர்களாக இருந்தார்கள். அவர்கள் ஜார் மன்னரோடு உட்கார்ந்திருக்கும்போது இறுதி எச்சரிக்கை வெளியானால் இருவரும் அங்கேயே கலந்து பேசி முடிவெடுத்துவிடுவார்கள். ஆகவே அவர்களுடைய கப்பல் கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டு, மாலை 5 மணிக்குக் கொடுப்பதாக இருந்த கடிதத்தை 6 மணிக்குத் தள்ளினார்கள்.

இந்த நுணுக்கத்துக்கு வியந்து நின்றுவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. கொலை நடந்த வாரத்தில் ஐரோப்பாவின் அனுதாபம் முழுவதும் வியன்னா பக்கம் இருந்தது. அப்போதே ஒரு கடுமையான நடவடிக்கை எடுத்திருந்தால் அது சரயேவோவுக்குப் பதிலடியாகத் தெரிந்திருக்கும். நான்கு வாரம் கழித்து வந்தபோது அது ஒரு சின்ன நாட்டை நசுக்கும் ஏற்பாடாகத் தெரிந்தது. காத்திருந்ததால் ராணுவத்துக்குக் கிடைத்த ஆதாயத்தை அரசியல் இழந்துவிட்டது.

ஜூலை 23, மாலை 6 மணி. பெல்கிரேடில் ஆஸ்திரியத் தூதர் கீஸல் கடிதத்தைக் கொடுக்கிறார். 48 மணி நேரக் கெடு. இந்த வரிசையிலிருந்து நாளுக்கு ஒரு வரி போதாது, மணிக்கு ஒரு வரி வேண்டும் என்று மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள். தாளைக் கிழித்து ஒட்டி நீட்டுவோம். ஜூலை 25 மாலை, கெடு முடியும் தறுவாயில் செர்பியப் பிரதமர் பாஷிச் தானே பதிலை எடுத்துக்கொண்டு போகிறார். பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணக்கம். ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் நீதி விசாரணையில் பங்கேற்பதற்கு மட்டும் தெளிவான மறுப்பு. கீஸல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உறவை முறித்துக்கொண்டு மாலை ஆறரை மணி ரயிலில் ஏறிவிட்டார். பெட்டிகள் முன்பே கட்டித் தயாராக இருந்தன.

ஜூலை 28 காலையில் கெய்சர் அந்தப் பதிலை முழுதாகப் படிக்கிறார். இதற்குமேல் போருக்குக் காரணமே இல்லை, ஆஸ்திரியா பெல்கிரேடைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றால் போதும் என்று எழுதுகிறார். அதே நாள் பகல் 11 மணி வாக்கில் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்துத் தந்தி அனுப்புகிறது. கெய்சரின் யோசனை வியன்னாவுக்குப் போய்ச் சேருமுன் பெத்மன் அதன் கூர்மையை மழுக்கிவிட்டார். அதுவும் இரவில்தான் கிளம்பியது. பெர்லினிலும் வியன்னாவிலும் எழுதப்பட்ட இந்த இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது வகுப்பில் ஒரு மூச்சு எழும். ஆனால் அவற்றுக்கிடையே இருந்த சில மணி நேரம் மட்டும் போரைக் கொண்டுவந்துவிடவில்லை. அந்த யோசனையைக் கையில் வாங்கியவர் அதை வேகமாக அனுப்ப விரும்பவில்லை.

இங்கேதான் அட்டவணையே உடைகிறது. ஒரு தலைநகருக்கு ஒரு வரிசை என்று தொடங்கினோம். ஜூலை 30-இல் பெர்லினுக்கு இரண்டு வரிசை வேண்டும். அதிகாலையில் பெத்மன், சமரசத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வியன்னாவை வற்புறுத்துகிறார். அதே நாளில் மோல்ட்கே, உடனே முழுப் படையையும் திரட்டுங்கள் என்று கான்ராடுக்குச் சொல்லி அனுப்புகிறார். பெர்லினில் முடிவெடுப்பவர் யார் என்று வியன்னாவே குழம்பியது. பெல்கிரேடையும் பிரிக்க வேண்டும். பிரின்சிப்பின் கையில் ஆயுதம் போக வழிசெய்தவர், ராணுவ உளவுத்துறைத் தலைவர் டிமிட்ரியேவிச். 'ஆபிஸ்' என்ற பட்டப்பெயரோடு ரகசியக் குழு ஒன்றை நடத்தியவர். பிரதமர் பாஷிச்சுக்கும் அவருக்கும் ஆகாது. ஆயுதத்தோடு இளைஞர்கள் எல்லை தாண்டிய தகவல் ஜூன் மாதமே பாஷிச்சின் அரசை எட்டியிருந்தது. அவரால் அதை வெளிப்படையாகச் சொல்லவும் முடியவில்லை, தன் உளவுத்துறையை அடக்கவும் முடியவில்லை. இந்தப் பகுதி முடிந்த பிறகு, "ஜெர்மனி நினைத்தது", "செர்பியா விரும்பியது" என்று வகுப்பில் யாராவது பேசினால் பக்கத்தில் இருப்பவரே நிறுத்தி, யார் நினைத்தது என்று கேட்பார். ஆசிரியராக எனக்கு அதைவிட நிறைவு தருவது வேறொன்றும் இல்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரிசையில் ஜூலை 29 இரவு ஒரு காட்சி இருக்கிறது. பொதுப் படைதிரட்டல் உத்தரவில் ஜார் நிக்கலாஸ் கையெழுத்திட்டுவிட்டார். படைதிரட்டல் பிரிவுத் தளபதி தோப்ரொரோல்ஸ்கி அதோடு மத்தியத் தந்தி அலுவலகத்தில் நிற்கிறார். தந்தி ஊழியர்கள் கருவிகளின் முன் தயாராக இருக்கிறார்கள். அப்போது நிறுத்தச் சொல்லி அழைப்பு வருகிறது. கெய்சரிடமிருந்து வந்த தந்தி ஒன்று ஜாரின் மனத்தை அசைத்திருந்தது. ஒருவரையொருவர் வில்லி, நிக்கி என்று அழைத்துக்கொண்ட உறவினர்கள் அவர்கள். பிரச்சினையை ஹேக் நடுவர் மன்றத்துக்கு அனுப்பலாமே என்று ஜாரும் கேட்டிருந்தார். 1899-இல் ஹேக் அமைதி மாநாட்டைக் கூட்டியவரே அவர்தான். அந்த யோசனைக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வரவில்லை. மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனவ் நெடுநேரம் வாதாடி அவரை மறுபடி இணங்கவைத்தார்.

சசோனவ் போரை விரும்பியவர் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கட்டத்தில் இருந்தது பயம். ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதை குறைவு, படையைச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். பிந்தினால் எல்லாம் போய்விடும். பெர்லின் கட்டத்திலும் பயமே. ஜெர்மனியின் போர்த் திட்டம் முழுவதும் ரஷ்யாவின் அந்தத் தாமதத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. ரஷ்யா தயாராவதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்ஸை வீழ்த்திவிட வேண்டும், அதற்கு லியேஜ் கோட்டையைத் தொடக்க நாட்களிலேயே பிடிக்க வேண்டும். ஆகவே ரஷ்யா தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த ஒவ்வொரு நாளும் ஜெர்மனியின் கணக்கிலிருந்து கழிந்தது. ஒருவர் தன் பாதுகாப்புக்காகச் செய்வது அடுத்தவருக்கு ஆபத்தாகத் தெரிவதை எங்கள் துறையில் பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். பாடநூலில் அது அரைப் பக்க விளக்கம். ஜூலை 30-க்கு நேராக இரண்டு கட்டங்களையும் எழுதி முடித்த மாணவருக்கு அந்த அரைப் பக்கமும் தேவைப்படாது.

அந்தப் பயத்துக்கு ஆண்டுக் கணக்கும் இருந்தது. ரஷ்யாவின் ராணுவப் பெருக்கத் திட்டம் 1917-இல் முடிவதாக இருந்தது. பிரெஞ்சுக் கடனில் மேற்கு எல்லையை நோக்கி ரயில் பாதைகள் நீண்டுகொண்டிருந்தன. இன்றைக்குப் போர் வந்தால் சமாளிக்கலாம், மூன்று வருடம் கழித்து முடியாது என்ற பேச்சு பெர்லினில் புழங்கியது. ஏதென்ஸின் வளர்ச்சியும் அதனால் ஸ்பார்ட்டாவுக்கு எழுந்த அச்சமும்தான் போரைத் தவிர்க்க முடியாததாக்கின என்று துசிடிடிஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதினார். 1995-இல் ஜேம்ஸ் ஃபியரன் எழுதிய ஒரு கட்டுரை இதற்குத் தர்க்க வடிவம் கொடுத்தது: போர் இருவருக்குமே நஷ்டம் என்று தெரிந்தும் பேசித் தீர்க்க முடியாமல் போவதற்கு ஒரு காரணம், இன்று கொடுக்கும் வாக்கை, நாளை பலம் கூடிய பிறகும் அடுத்தவர் காப்பாற்றுவார் என்று நம்ப வழியில்லாமைதான். கென்னத் வால்ட்ஸ் 1959-இல் மனிதன், அரசு, அரசுகளின் அமைப்பு என்று காரணங்களை மூன்று தளமாகப் பிரித்ததும் நல்ல வழிகாட்டி. இவற்றையெல்லாம் நான் சொல்லித்தருகிறேன், ஆனால் அட்டவணைக்குப் பிறகு. முதலிலேயே கோட்பாட்டைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதற்குப் பொருந்தும் தந்திகளை மட்டும் பொறுக்குகிறார்கள்.

ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யாமீதும் 3-இல் பிரான்ஸ்மீதும் போர் அறிவித்தது. 4-ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதி தந்த 1839 உடன்படிக்கையைச் சொல்லிப் பிரிட்டன் களமிறங்கியது. தாள் அதோடு முடிகிறது. போன ஆண்டு ஒரு மாணவி தாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "இதில் நம் கட்டம் எங்கே?" என்று கேட்டாள். இல்லை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யாரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். இங்கிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் விழுந்தன. முடிவெடுத்த மேசைகளின் பட்டியலில் இடமே இல்லாதவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். அவள் கேட்ட பிறகு தாளின் வலது ஓரத்தில் ஒரு வரிசையை இடம்விட்டு வைக்கிறோம்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால் எல்லோரும் பயந்தார்கள், எல்லோரும் தடுமாறினார்கள், யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். 1961-இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர், ஜெர்மனியின் ஆதிக்க நோக்கமே போருக்கு வழிவகுத்தது என்று எழுதி அந்த நாட்டையே உலுக்கினார். 2012-இல் கிறிஸ்டோபர் கிளார்க், தலைவர்கள் அத்தனை பேரும் தூக்கத்தில் நடந்தவர்கள்போல் போருக்குள் போனதாக எழுதினார். இரண்டையும் மரியாதையோடு படித்தவன் நான். என் தீர்ப்பு அந்த வெற்றுக் கட்டங்களிலிருந்து வருகிறது. ஜூலை 6-க்கும் 23-க்கும் நடுவே இரண்டு தலைநகரங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் விழித்துக்கொண்டபோது மிச்சமிருந்தது 48 மணி நேரம். ரஷ்யாவின் அவசரத்துக்கும், தான் என்ன செய்யும் என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லாத லண்டனின் தயக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அவகாசத்தைப் பறித்தவர்களின் பொறுப்பு, அவகாசமில்லாமல் தடுமாறியவர்களின் பொறுப்பைவிடப் பெரியது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் செத்த ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுவது நேர்மையாகாது.

வெடித்த போர்களை மட்டும் படிப்பவருக்குச் சமாதானம் எப்படி உண்டாகிறது என்பது தெரியாமலே போய்விடும். இதே வல்லரசுகள் 1912-13 பால்கன் போர்களின்போதும் மோதலின் விளிம்பில் நின்றன. அப்போது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே தலைமையில் தூதர்கள் லண்டனில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். நெருப்பு பால்கனோடு நின்றது. 1914 ஜூலை 26-இல் கிரே அதே மருந்தை மறுபடி நீட்டினார். பெர்லின் மறுத்துவிட்டது.

ஆகவே பருவத்தின் பிற்பாதியில் நடக்காத ஒரு போருக்கு அட்டவணை போடுகிறோம். 1986-87 குளிர்காலம், பிராஸ்டாக்ஸ் பயிற்சி. தளபதி சுந்தர்ஜியின் தலைமையில் இந்திய ராணுவம் ராஜஸ்தானில் நடத்திய மாபெரும் ஒத்திகை. பாகிஸ்தானின் கண்ணுக்கு அது ஒத்திகையாகத் தெரியவில்லை. தன் குளிர்காலப் பயிற்சியை முடித்த பாகிஸ்தான் படைகள் முகாமுக்குத் திரும்பாமல் பஞ்சாப் எல்லையை நோக்கி நகர்ந்தன. ஜனவரி 23-இல் இந்தியாவும் படைகளை எல்லைக்கு அனுப்பியது. பயம் பயத்தைப் பெற்றெடுக்கும் அதே வரிசைதான். ஆனால் இங்கே கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. முதலில் அடித்தால்தான் பிழைப்போம் என்ற ரயில்வே அட்டவணையும் இல்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர் அப்துல் சத்தார் டெல்லிக்கு வந்தார். பிப்ரவரி 4-இல் படைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. அந்த மாதமே பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார். 1991 ஏப்ரலில் இரு நாடுகளும், பெரிய ராணுவப் பயிற்சிகளை முன்கூட்டியே தெரிவிப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டன.

ஜெய்ப்பூர் கிரிக்கெட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1991 ஒப்பந்தத்தைப் பற்றி முதுகலை மாணவர்களிலேயே ஒருசிலருக்குத்தான் தெரியும். எனக்கு அந்த ஒப்பந்தம்தான் பெரிது. எதிர்த் தலைநகரின் கட்டம் இனி வெற்றாக இருக்கக் கூடாது என்று இரண்டு எதிரிகள் கையெழுத்துப் போட்டுக்கொண்ட காகிதம் அது.

பிராஸ்டாக்ஸ் தாளை நிரப்புவது 1914-ஐ நிரப்புவதைவிடச் சிரமம். 40 தொகுதியும் 11 தொகுதியும் இங்கே இல்லை. செய்தித்தாள்கள், நாடாளுமன்றப் பதிவுகள், ஓய்வுபெற்ற தளபதிகளும் தூதர்களும் எழுதிய நினைவுக் குறிப்புகள், இவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நினைவுக் குறிப்பு எழுதுகிறவர் பெரும்பாலும் தன்னை விவேகியாகவே காட்டிக்கொள்வார். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு தரப்பு மட்டும் சொல்வதைப் பென்சிலால் எழுத வேண்டும். மறுதரப்பிலிருந்தும் உறுதிப்பட்டால் பேனாவால். ஜனவரி கடைசி வாரத்துக் கட்டங்களில் இன்னும் பென்சில் எழுத்தே அதிகம். இந்த ஆண்டு வாணியம்பாடியிலிருந்து வந்திருக்கும் ஒரு மாணவிக்கு உருது சரளமாக வாசிக்க வரும். அந்த மாதத்துப் பாகிஸ்தான் நாளிதழ்களில் கிடைத்த நகல்களை அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஜனவரி 20-இலிருந்து தொடங்கியிருக்கிறாள்.